இவர்களுடன் பணியாளர் மூவர்

அவளை ஊரில் எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்தில் நடத்துநராக வேலை பார்த்த காலத்தில் கழுத்தில் தொங்கிய விசில், ஓய்வு பெற்ற பிறகும் அதே கயிற்றில் அதே கழுத்தில் தொங்கியது. கழற்றி வைத்தால் தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது என்பாள். தெருவில் யாராவது கைவண்டியை நடுவில் நிறுத்திவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தால் மாடி ஜன்னலிலிருந்து இரண்டு விசில் கேட்கும். கைவண்டி தானாக நகரும்.

அவள் கணவர் அதே பேருந்தின் ஓட்டுநர். இவள் இரண்டு அடித்தால் எடுப்பார், ஒன்று அடித்தால் நிறுத்துவார். கல்யாணம் ஆன பிறகும் இந்த ஏற்பாட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் வரவில்லை. அவள் அவரை ‘டிரைவரே’ என்பாள். அவர் அவளை ‘கண்டக்டரம்மா’ என்பார். செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். கீழே பசை காய்ச்சினால் மேலே தலையணையெல்லாம் மணக்கும். ஓட்டுநர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளையெல்லாம் அங்கிருந்தே ஓட்டுவார். “கியர மாத்துடா... மாத்துடா டேய்... போச்சு, அணைச்சுட்டான்.”

கடவுள் மேல் விசிலுக்கு ஒரே ஒரு புகார்தான். செக்கிங்குக்கு வரவே மாட்டேன் என்கிறார். வராத இன்ஸ்பெக்டருக்குப் பயந்து யார் ஒழுங்காக டிக்கெட் கிழிப்பார்கள்? அதனால்தான் உலகம் இப்படி ஓடுகிறது என்பது அவள் கட்சி. பங்குத்தந்தை வழியில் பார்த்து, “ஞாயித்துக்கிழமை உங்களக் காணோமே?” என்று கேட்டால், “உங்க முதலாளி வந்தா சொல்லி அனுப்புங்க ஃபாதர், ஓடி வரேன்” என்பாள். அவர் இளைஞர். சிரிப்பை அடக்க மேலே பார்ப்பார். மேலே பார்ப்பது அவர் தொழிலுக்குப் பொருத்தமாகவும் இருந்தது.

ஆனால் வருஷத்தில் ஒரு நாள் அவள் தேவாலயத்துக்குப் போவாள். போரில் இறந்த ஊர்க்காரர்களின் நினைவு நாளன்று. சாமி கும்பிட அல்ல, கேள்வி கேட்க.

கேள்விக்குக் காரணம், வாசலுக்கு இடப்பக்கச் சுவரில் இருந்த பித்தளைத் தகடு. பேருந்தின் பின்கண்ணாடி அளவு இருக்கும். கேப்டனின் தகப்பனார் செய்து கொடுத்தது. மேலே கேப்டன் பெயர், கட்டைவிரல் பருமனுள்ள எழுத்தில். அதன் கீழே லெப்டினன்ட், கொஞ்சம் சின்னதாக. பிறகு சார்ஜென்ட், இன்னும் சின்னதாக. அப்புறம் சிப்பாய்கள். கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் அட்டை மாதிரி, பதவி இறங்க இறங்க எழுத்தும் சிறுத்துக்கொண்டே போகும். எல்லாருக்கும் கீழே, குனிந்து பார்த்தால்தான் தெரிகிற இடத்தில் ஒரு வரி: ‘இவர்களுடன் பணியாளர் மூவர்.’

அந்த மூவரில் ஒருவன் விசிலின் தம்பி. பட்டாளத்துச் சமையல்காரன். வீட்டிலும் வெளியிலும் அவன் பெயர் கரண்டி. மற்ற இருவர், கேப்டனுக்குச் சவரம் செய்தவரும் சட்டை வெளுத்தவரும்.

போர் எதற்காக நடந்தது என்று கேட்டால் அந்த ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதை ஆரம்பித்த பெரிய மனிதர்கள் எல்லாரும் படுக்கையில், டாக்டர் பக்கத்தில் இருக்க, வயதாகிச் செத்தார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. போகச் சொன்னவர்கள் போகவில்லை. போனவர்கள் ஊரிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போனது விசிலின் பேருந்தில்தான், காலை முதல் நடையில். அவளுக்குப் புது வேலை, சீருடை இன்னும் கஞ்சி விலகாமல் விறைத்து நின்ற காலம்.

கேப்டன் முதலில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். “நாங்க நாட்டுக்காகப் போறோம்மா, டிக்கெட் வேணாம்” என்றார்.

“நாட்டுக்குப் போனாலும் மாமியார் வீட்டுக்குப் போனாலும் என் வண்டில டிக்கெட் உண்டு சார்” என்று கிழித்துக் கொடுத்தாள். சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். கேப்டனும் சிரித்தார். அவர் மோசமான ஆள் இல்லை. மோசமெல்லாம் பிறகு, தகடு செய்தவர்களிடமிருந்து வந்தது.

கரண்டி கடைசியாக ஏறினான். எல்லார் மூட்டையையும் ஏற்றிவிட்டு, கடைசியில் தன் அண்டாவைத் தூக்கிக்கொண்டு. உட்கார இடமில்லை. அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தான்.

“அக்கா, அண்டாவுக்கும் டிக்கெட் உண்டா?”

“அண்டாவுக்கு உண்டு. உனக்குத்தான் லக்கேஜ்.”

ரயில் நிலையத்தில் இறங்கும்போது, “வந்து உனக்கு நல்லா சமைச்சுப் போடறேங்க்கா” என்றான். “முதல்ல அங்க போய்க் கத்துக்கிட்டு வா” என்றாள். அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

போய்ச் சேர்ந்து மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் சமையல் கூடாரத்தின் மேல் ஒரு குண்டு விழுந்தது. சிப்பாய்கள் தட்டோடு வரிசையில் நின்றிருந்தார்கள். லெப்டினன்ட் வரிசையின் முன்னால் புகுந்திருந்தார். சார்ஜென்ட் அவரைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி நின்றிருந்தார். கேப்டன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பாதிக் கன்னம் சவரம் செய்துகொண்டிருந்தார். சவரக்காரர் கத்தியோடு, சலவைக்காரர் மடித்த சட்டையோடு, கரண்டி கையில் கரண்டியோடு. ஒரே குண்டு. யாரையும் பதவி கேட்கவில்லை.

ஒரே ஒரு சிப்பாய் தப்பினார். முதல் நாள் சாப்பாடு வயிற்றைக் கலக்கியதால் அவர் அந்த நேரம் தூரத்துப் புதர்ப் பக்கம் ஒதுங்கியிருந்தார். ஊருக்குத் திரும்பி இதை விசிலிடம் சொல்லி அழுதார். அவளும் அழுதாள். அழுது முடித்துவிட்டு, “என் தம்பி சமையலால ஒரு உசுராவது தப்பிச்சுதே” என்றாள். அதைச் சொல்லி அவள் சிரித்ததைத் தவறாக எடுத்துக்கொண்டவர்களுக்கு அவள் தம்பியைத் தெரியாது.

தகடு திறந்த அன்று அவள் குனிந்து கடைசி வரியைப் படித்தாள். கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து கேட்டாள்:

“அந்த மூணு பேர் யாரு?”

கேப்டனின் தகப்பனார், “இடம் போதலம்மா” என்றார்.

நெரிசல் வண்டியில் ஆளை அடைத்தே பிழைத்தவளிடம் சொல்லக்கூடிய பதிலா அது? “இடம் யாரு சார் தானா குடுத்தா? மேல இருக்கறவங்களக் கொஞ்சம் நெருங்கி நிக்கச் சொல்லுங்க” என்றாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நினைவு நாளும் அப்படியே நடந்தது. பெயர்களைப் படிப்பார்கள். படித்து முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து அவள் எழுந்து, “அந்த மூணு பேர் யாரு?” என்பாள். முன்னாலிருந்து, “இடமில்லை” என்று பதில் வரும். பிறகு பாட்டு. வருஷங்கள் போகப் போக இந்தக் கேள்வியும் பதிலும் வழிபாட்டிலேயே சேர்ந்துவிட்டன. பாடகர் குழுவினர் அவள் கேட்டு முடிக்கும்வரை பாட்டுப் புத்தகத்தைப் பிரிக்க மாட்டார்கள். புதிதாக வந்த பங்குத்தந்தை முதல் வருஷம் அது ஜெபத்தின் ஒரு பகுதி என்றே நினைத்து, “ஆமென்” என்று சொல்லிவிட்டார். ஒரு அநியாயத்தைப் பழக்கமாக்கிவிட்டால் அதை எதிர்ப்பதையும் பழக்கமாக்கிவிடலாம். இரண்டும் அருகருகே உட்கார்ந்து யாருக்கும் தொந்தரவு இல்லாமல் காலம் தள்ளும். விசிலுக்கு அது புரிந்திருந்தது. அதனால்தான் அவளுக்கு எரிந்தது.

தகப்பனார் போன பிறகு “இடமில்லை” என்று சொல்லும் பொறுப்பு கேப்டனின் தம்பிக்கு வந்தது. மரக்கடை முதலாளி, தேவாலயக் கமிட்டித் தலைவர். தட்டைப் பாதம் என்று பட்டாளத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் ஊரில் அவருக்குப் பெயர் சின்ன கேப்டன். நினைவு நாளன்று தகட்டுக்குப் பக்கத்தில் நின்று, கூட்டத்தைப் பார்த்தபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு பெயர்கூடப் பிசகாமல் மனப்பாடமாகச் சொல்வார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தகட்டைத் தேய்க்கிற பழக்கம். மொத்தத் தகட்டையும் அல்ல; அவரவர் வீட்டுப் பெயரை மட்டும். கேப்டன் வீட்டிலிருந்து வேலையாள் ஒருவர் வெளிநாட்டு பாலிஷ் டின்னோடு அன்றாடம் வருவார். லெப்டினன்ட் வீட்டிலிருந்து வாரம் ஒருமுறை. சார்ஜென்ட்டின் மனைவி கடைத்தெருவில் பித்தான் கடை வைத்திருந்தார். யாரையும் அனுப்பாமல் அவரே வந்து சலித்த செங்கல் பொடியால் தேய்ப்பார். ஒரு வீட்டுப் பெயர் மின்னினால் பக்கத்து வீட்டுக்குப் பொறுக்காது. கேப்டன் வீட்டுப் பாலிஷ் சார்ஜென்ட் வரியில் சிந்திவிட்டது என்று ஒருமுறை பெரிய சண்டையே வந்தது. தகட்டுக்குக் கீழே தரையில் எப்போதும் வெள்ளையும் சிவப்புமாகப் பொடி கிடக்கும்.

கடைசி வரியை மட்டும் யாரும் தொட்டதில்லை. சவரக்காரர் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. சலவைக்காரருக்குக் குடும்பமே இல்லை. “நீயாவது தொடைக்கக் கூடாதா?” என்று பித்தான் கடை அம்மா ஒருமுறை விசிலைக் கேட்டார்.

“பேர் இருந்தா தொடைப்பேன். எண்ணிக்கைய யாருக்கா தொடைப்பா?”

“சமையல்காரனும் சார்ஜென்ட்டும் ஒரே வரிசைலயா நிப்பாங்க? ஆசைக்கும் அளவு வேணும்மா.”

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்வதில்லை. சட்டைப் பித்தான் அறுந்தால் ஓட்டுநர் ஊக்கு குத்திக்கொண்டு அலைவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஓட்டுநருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த பிறகு அவர் உலகத்தையே புதிதாக வாங்கி வந்தவர் மாதிரி நடந்துகொண்டார். எதைப் பார்த்தாலும் படித்தார். மருந்துப் புட்டி, செருப்புப் பெட்டி, எதிர்வீட்டுக் காலண்டர். மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கண்டக்டரம்மா, நீ கொஞ்சம் மாறிட்ட” என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

அந்த வருஷ நினைவு நாளுக்கு இன்னும் நாள் இருந்தது. தேவாலயக் கூரை ஒழுகுகிறது என்று ஊரைக் கூட்டியிருந்தார்கள். ஓட்டுநருக்கு ஒழுகுகிற கூரையைப் பார்க்க ஆசை. விசிலையும் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் திரும்பினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார்.

“என்ன இது, கண் டாக்டர்கிட்ட மேல பெருசா தெரிஞ்சுது, கீழ தெரியல. இங்க கீழ தெரியுது, மேல தெரியலயே?”

“என்ன தெரியல?”

“ஒண்ணுமே தெரியல. வழவழன்னு என் மூஞ்சிதான் தெரியுது. கடைசில மட்டும் ‘இவர்களுடன் பணியாளர் மூவர்’. கண்ணுல ஒத்திக்கலாம் போல அவ்வளவு பளிச்சுன்னு.”

விசில் கிட்டே போய்ப் பார்த்தாள். அவளுக்கும் ஓட்டுநரின் மூஞ்சிதான் தெரிந்தது.

தேய்த்தே தீர்த்துவிட்டார்கள். கேப்டன் பெயர் முதலில் போயிருந்தது. தண்ணீரில் கரைந்த சோப்பு மாதிரி தடமே இல்லை. லெப்டினன்ட் இருந்த இடத்தில் இரண்டு கீறல். சார்ஜென்ட் இருந்த இடம் கையால் தடவினால் மட்டும் லேசாகக் குழிந்தது. எல்லாருக்கும் பெயர்கள் மனப்பாடம் என்பதால், இத்தனை வருஷமாக யாரும் தகட்டைப் படிக்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். யாரும் தொடாத வரி மட்டும் நேற்று வெட்டியது போல நின்றது.

ஓட்டுநர் சொன்னது கூட்டம் முழுக்கப் பரவிற்று. கூரையை மறந்து எல்லாரும் தகட்டைச் சூழ்ந்தார்கள். தடவினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சின்ன கேப்டன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “பழசாயிடுச்சு. புதுசு செஞ்சுடுவோம்” என்றார், தகடு தானாகத் தேய்ந்தது போல.

விசில் விடுவாளா? “புதுசுன்னா மூணு பேரையும் பேரோட போடலாமே. இப்ப இடத்துக்கு என்ன?”

“பழைய தகட்டுல இருக்கறது இருக்கறபடியே வரணும். ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது எங்கப்பா போட்ட வாசகம்.” கமிட்டி அதை அப்படியே தீர்மானமாக நிறைவேற்றியது. கை தூக்கியவர்களில் பித்தான் கடை அம்மாவும் ஒருவர்.

பக்கத்து டவுனிலிருந்து பெயர் வெட்டுகிறவர் வந்தார். பாத்திரங்களிலும் கேடயங்களிலும் பெயர் வெட்டிப் பிழைக்கிறவர், பேச்சுக் குறைவு. தகட்டின் மேல் பெரிய காகிதத்தை ஒட்டி, கறுப்பு மெழுகுக் கட்டியால் மேலிருந்து கீழாகத் தேய்த்தார். எழுத்து இருக்கிற இடம் வெள்ளையாக விடுபட்டு வரவேண்டும். காகிதம் இரவு மாதிரி கறுத்தது. அடியில் மட்டும் ஒரு வெள்ளை வரி.

விசிலும் ஓட்டுநரும் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தபடி வேடிக்கை பார்ப்பது ஓட்டுநரின் பிறப்புரிமை.

“ஐயா, மேல ஒண்ணும் வரலீங்க” என்றார் பெயர் வெட்டுகிறவர்.

சின்ன கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மரக்கடையில் லாரி காத்திருந்தது. பெயர்கள் மனப்பாடமாக இருந்த அவருக்கு, தகட்டில் அவை இல்லை என்பது அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. “உன்ன என்ன கேட்டாங்க? இருக்கறத இருக்கறபடி எடுத்துட்டுப் போய் வெட்டு. உன் மூளைய அதுல கலக்காத.”

“இல்லீங்க, பேருங்க...”

“தீர்மானம் போட்டாச்சு! எழுத்துக்கு எழுத்து அப்படியே. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதுங்க” என்று அவர் காகிதத்தைச் சுருட்டினார். முகத்தில் ஒரு அசைவில்லை. வாழ்நாள் முழுக்கப் பெரிய மனிதர்களுக்குப் பெயர் வெட்டியவர். அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டுப் போவதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

ஓட்டுநர் எழப் போனார். விசில் அவர் தொடையைக் கிள்ளினாள். “பிரேக்கப் போடுங்க டிரைவரே.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. படியேறும்போது பாதியில் நின்று சிரித்தாள். திரை விலகினால் தகடு முழுக்க வெறிச்சோடிக் கிடக்கும், அடியில் அவள் தம்பியும் மற்ற இருவரும் மட்டும். “முப்பாட்டன் காலம் வரைக்கும் இதச் சொல்லிச் சிரிக்கலாம்” என்றாள். காலம் முன்னோக்கிப் போகிறதா பின்னோக்கிப் போகிறதா என்றுகூட அவளுக்கு அப்போது கவலையில்லை.

ஓட்டுநர் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் தெருவில் ஒரு வண்டியையும் ஓட்டாமல் இருந்தார்.

“என்ன, பாவம்னு தோணுதா? பாவமெல்லாம் ஃபாதர் டிபார்ட்மென்ட்.”

“அதில்ல. அன்னிக்கு வண்டில அத்தன பேர் ஏறினாங்க. எல்லாருக்கும் டிக்கெட் குடுத்தது நீதான்.”

“அதுக்கு?”

“குடுத்த டிக்கெட்ட நடுவழில பிடுங்கற கண்டக்டரம்மாவ நான் பாத்ததில்ல.”

 அவளுக்குப் பதில் வராத சந்தர்ப்பங்களை அவர் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தார். ஒரு கை போதும். வரிசையில் தட்டோடு நின்ற சிப்பாய்கள் தகடு செய்யவில்லை. ‘மூவர்’ என்று எழுதச் சொன்னதும் அவர்கள் இல்லை. அவர்கள் செய்த ஒரே குற்றம் அவள் தம்பியின் சமையலைக் குறை சொன்னது. அதை அவளும்தான் செய்திருக்கிறாள்.

ஆனால் சின்ன கேப்டனிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? பெயர்களெல்லாம் வரும், கேப்டனுக்குக் கட்டைவிரல் பருமனில். அடியில் மறுபடியும் மூவர். இன்னொரு தலைமுறைக்குக் கேள்வி, பதில், பாட்டு.

நினைவு நாளுக்கு முன்தினம் காலையில் அவள் பித்தான் கடைக்குப் போனாள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருப்பதில் ஒரு பித்தான் தைத்திருந்தது. பித்தான் கடை அம்மா ஏணியில் நின்றிருந்தார். இறங்கவில்லை.

“என்ன வேணும்?”

“நாலு ஓட்டைப் பித்தான். எங்க வீட்டு மனுஷன் ஊக்கு குத்திக்கிட்டே திரியறாரு.”

“அத வாங்க இத்தன வருஷம் ஆச்சா?”

“ஆச்சுக்கா. நாளைக்கு ஒண்ணு நடக்கப் போகுது. உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல.” மெழுகுக் காகிதத்தின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள், தான் கிள்ளியது உட்பட. “நான் நினைச்சா தடுத்திருக்கலாம். தடுக்கல. நாளைக்கு உங்க வீட்டுக்காரர் பேர் அங்க இருக்காது.”

பித்தான் கடை அம்மா ஏணியில் நின்றபடியே ஓர் இழுப்பறையைத் திறந்து மூடினார்.

“எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“தேய்க்கறவளுக்கு விரல்ல தெரியாதா? முதல் எழுத்து போச்சு. அப்புறம் நடுவுல ரெண்டு. நிறுத்தணும்னு நினைப்பேன். நிறுத்தினா அவரை மறந்துட்டேன்னு கேப்டன் வீட்டுல சொல்லுவாங்க. அதனால தேய்ச்சேன். நானே தேய்ச்சு அனுப்பிட்டேன்.” ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார். “பேர் இல்லாம அந்தச் சுவத்துக்கு முன்னாடி நிக்கறது எப்படி இருக்கும்னு அப்பதான் உன்ன நினைச்சுக்கிட்டேன். ஆனா வந்து சொல்ல வாய் வரல.”

“எனக்கு வாய் வரும். என்ன பிரயோஜனம்? அவங்களுக்கு என் கேள்வி பழகிப் போச்சு.”

“அப்ப நாளைக்கு நீ வாய மூடிட்டு உக்காரு” என்றார் பித்தான் கடை அம்மா, பித்தானைக் காகிதத்தில் பொட்டலம் கட்டியபடி. “நான் கேக்கறேன்.”

மறுநாள் தேவாலயம் நிறைந்திருந்தது. புதுத் தகட்டின் மேல் ஊதாத் திரை. பெயர் வெட்டுகிறவர் திருப்புளியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில், விசிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சின்ன கேப்டன் கூட்டத்தைப் பார்த்து நின்று, திரும்பாமலேயே கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது.

மஞ்சள் மஞ்சளாக ஒரு பெரிய வெறுமை. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு எதிர்ச்சுவருக்குத் தாவியது. அடியில் ஒரு வரி.

கூட்டம் மூச்சு விடவில்லை. சின்ன கேப்டன் அந்த அமைதியைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். கைகளைப் பின்னால் கட்டி, வழக்கத்தைவிட உரக்க, கணீர் என்று ஆரம்பித்தார். அண்ணன் பெயரைச் சொன்னார். லெப்டினன்ட்டைச் சொன்னார். வெற்றுப் பித்தளைக்குப் பக்கத்தில் நின்றபடி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். அதையும் அவர் அழுகை என்றே எடுத்துக்கொண்டார். “இவர்களுடன் பணியாளர் மூவர்” என்று முடித்துவிட்டு, பின் பெஞ்சைப் பார்த்துக் காத்திருந்தார்.

விசில் எழவில்லை. சப்பணமிடாத குறையாக அமர்ந்திருந்தாள். பாடகர் குழு புத்தகத்தைப் பிரிக்காமல் அவளையே பார்த்தது. சின்ன கேப்டன் தொண்டையைக் கனைத்து, அவளுக்குச் சாடை காட்டக்கூடச் செய்தார். எதிர்ப்புக் கிடைக்காமல் அந்த மனிதரால் மேலே போக முடியவில்லை.

அப்போது முன் பெஞ்சிலிருந்து பித்தான் கடை அம்மா எழுந்தார்.

“என் வீட்டுக்காரர் பேர் எங்க?”

“என்னக்கா இது, மூணாவது வரில...” என்று சின்ன கேப்டன் திரும்பினார். திரும்பியவர் தன் முகத்தையே முழுசாகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு தேவாலயத்தில் எழுந்த சத்தத்தைச் சிரிப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. லெப்டினன்ட் வீட்டார் கத்தினார்கள். பங்குத்தந்தை மேலே பார்த்தார். சின்ன கேப்டன் பெயர் வெட்டுகிறவரை நோக்கிக் கையை நீட்டினார். அவர் எழுந்து நின்று பணிவாகச் சொன்னார்: “எழுத்துக்கு எழுத்து அப்படியே வெட்டியிருக்கேனுங்க. மூளைய கலக்கல.”

“எங்க அண்ணன் பேர்... மத்தவங்க பேரெல்லாம்... உடனே போடணும்” என்றார் சின்ன கேப்டன். குரலில் மரக்கடை முதலாளி இல்லை.

“போடலாம் தம்பி” என்றார் பித்தான் கடை அம்மா. “எல்லாரையும் போடலாம். அந்த மூணு பேரையும் சேத்து.”

“அதுக்கு இட...” என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்தார். கண்ணெதிரே பேருந்துக் கண்ணாடி அளவுக்குப் பளபளவென்று இடம் விரிந்து கிடந்தது. வார்த்தை நடுவில் நின்றது.

விசில் இப்போதுதான் எழுந்தாள். “வண்டி காலியாத்தான் சார் நிக்குது.”

“சரி, போடுங்க. ஆனா கேப்டனும் சமையல்காரனும் ஒரே சைஸ்லயா?”

“விழுந்தது ஒரே குண்டுதானே தம்பி” என்றார் பித்தான் கடை அம்மா.

சின்ன கேப்டன் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அவர் சின்னவராக இருந்தபோது அண்ணனின் பாதி சவரம் செய்த முகத்தைப் பற்றி அந்தத் தப்பிப் பிழைத்த சிப்பாய் அவரிடமும் சொல்லியிருக்கிறார்.

“வரிசை?” என்று கேட்டார் பெயர் வெட்டுகிறவர். அவருக்கு வேலைதான் முக்கியம்.

“வண்டில ஏறின வரிசை” என்றாள் விசில். “எனக்கு மனப்பாடம். டிக்கெட் கிழிச்சவ நான்தானே.” அவள் சொல்லச் சொல்ல பங்குத்தந்தை எழுதிக்கொண்டார். முதலில் கேப்டன், அவர்தான் முதலில் ஏறினார், அதை அவள் மறைக்கவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறிய சலவைக்காரர் இரண்டாவது. பிறகு நாலு சிப்பாய்கள், நடுவில் சவரக்காரர், சார்ஜென்ட், இன்னும் சிலர், லெப்டினன்ட். அவர் அன்றைக்குத் தாமதம். எல்லாருக்கும் கடைசியில், அண்டாவோடு ஏறியவன். அவன் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் ஒரு படி இறங்கியது. பிறகு சமாளித்துக்கொண்டு, “அடைப்புக்குறிக்குள்ள கரண்டின்னு போடுங்க. இல்லாட்டி அவனுக்கே யாருன்னு தெரியாது” என்றாள்.

பெயர் வெட்டுகிறவர் தகட்டைச் சுவரிலிருந்து இறக்காமல், ஏணி போட்டு, டக் டக்கென்று அங்கேயே வெட்டினார். ஒரே அளவு எழுத்து. வேலை முடிந்த அன்று எல்லாரும் கூடி நின்று பார்த்தார்கள். பார்த்த பிறகுதான் ஒன்று உறைத்தது. சலவைக்காரர், சவரக்காரர், கரண்டி மூவரும் மேலே பெயரோடு இருக்கிறார்கள். அடியில், ‘இவர்களுடன் பணியாளர் மூவர்’ அப்படியே இருக்கிறது. வெளியூரிலிருந்து யாராவது வந்து படித்தால், யார் அந்த இன்னும் மூன்று பேர் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

“இதை எடுக்க முடியாதா?” என்றாள் விசில்.

“வெட்டினதை எப்படிம்மா எடுக்கறது? தேஞ்சாத்தான் உண்டு.”

விசில் பித்தான் கடை அம்மாவைப் பார்த்தாள். பித்தான் கடை அம்மா விசிலைப் பார்த்தார்.

இப்போது அந்தத் தேவாலயத்தில் ஒரு புது வழக்கம். பெயர்களை யாரும் தொடக்கூடாது, கமிட்டித் தீர்மானம். தேய்க்க ஆசைப்படுகிறவர்கள் கடைசி வரியைத் தேய்க்கலாம். விசில் வாரம் தவறாமல் வருகிறாள். கடவுள் விஷயத்தில் அவள் கருத்து மாறவில்லை என்று பங்குத்தந்தையிடம் முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டாள். பித்தான் கடை அம்மா செங்கல் பொடியை வழக்கத்தைவிடக் கொரகொரப்பாகச் சலித்துக்கொண்டு வருகிறார். போன வாரம் சின்ன கேப்டனே வந்தார். கொஞ்ச நேரம் தள்ளி நின்றார். பிறகு வெளிநாட்டு பாலிஷ் டின்னை அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ஓட்டுநர் பின் பெஞ்சில், சட்டையில் எல்லாப் பித்தானும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் வேலை பரிசோதனை. ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். மறு கண்ணை மூடிப் பார்ப்பார்.

“என்ன டிரைவரே?”

“இன்னும் தெரியுது.”

விசில் இரண்டு அடித்தாள். மூன்று பேரும் மறுபடி குனிந்து தேய்க்க ஆரம்பித்தார்கள்.